புது காம்பாக்ட் கேமரா: மெனுவை உங்கள் கைக்கு ஏற்ப அடுக்குவது எப்படி?

சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7-ல் மெனு பட்டனை அழுத்தினால் ஆறு தாவல்கள் திறக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் பக்கம் பக்கமாக வரிகள். ஃபூஜி எக்ஸ்100-6, கேனன் ஜி7எக்ஸ் மார்க் 3, ரிக்கோ ஜிஆர் 3 எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான். அத்தனையும் படித்து முடித்த பிறகு படம் எடுக்கலாம் என்று உட்கார்ந்தால் கேமரா அலமாரியிலேயே இருக்கும். அத்தனையையும் படிக்கத் தேவையும் இல்லை. ஒரு நாளில் தொட வேண்டிய அமைப்புகள் பத்தைத் தாண்டாது. அந்தப் பத்தை விரலுக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு மிச்சத்தைக் கண்ணில் படாமல் ஒதுக்குவதுதான் இங்கே செய்யப்போகும் வேலை.

கேமராத் திரையில் பெயர்கள் ஆங்கிலத்தில் வரும் என்பதால், தேடிக் கண்டுபிடிக்க வசதியாக அதே பெயர்களையே தமிழில் ஒலித்து எழுதியிருக்கிறோம்.

முதல் நாள்: ஒரே ஒருமுறை செய்ய வேண்டியவை

இவற்றை ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் மறந்துவிடலாம். சுமார் இருபது நிமிட வேலை.

நேர மண்டலம் கிரீன்விச்சுக்கு 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்க வேண்டும். பட்டியலில் சென்னையைத் தேடாதீர்கள், பெரும்பாலும் டெல்லி என்ற பெயரில்தான் இருக்கும். இது தவறினால் கல்யாண வீட்டில் உங்கள் படங்களையும் அண்ணனின் மொபைல் படங்களையும் நேர வரிசையில் கோக்கும்போது முகூர்த்தம் ஒரு பக்கம், தாலி கட்டு இன்னொரு பக்கம் என்று சிதறிப் போகும்.

அடுத்தது வீடியோ முறை. பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்று இரண்டு இருக்கும்; பால் முறையை வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். பாலில் வீடியோ 25 அல்லது 50 ஃபிரேமாக ஓடும், ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகும். என்டிஎஸ்சியில் 30 ஃபிரேம், 1/60 என்று எடுத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் முழுக்க அலை அலையாகப் பட்டை ஓடும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வந்த கேமராவில் இதைக் கட்டாயம் பாருங்கள். சோனியில் இதை மாற்றினால் கார்டை மறுபடி ஃபார்மேட் செய்யச் சொல்லும். அதனால் கார்டில் படம் ஏதும் சேர்வதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கார்டு என்றதும் இன்னொன்று. ரிச்சி தெருவில் விலை மலிவாகக் கிடைத்த கார்டாக இருந்தால், எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் ஒருமுறை எழுதி, திரும்பப் படித்துச் சோதித்துவிட்டுக் கேமராவில் போடுங்கள். 128 ஜிபி என்று அச்சிட்ட போலிக் கார்டு, உள்ளே இருக்கும் சொற்ப இடம் தீர்ந்த பிறகும் எழுதுவது போலவே நடிக்கும்.

பிறகு ‘ரிலீஸ் வித்அவுட் கார்டு’ என்பதை டிசேபிள் செய்யுங்கள். திறந்து விட்டிருந்தால் கார்டு இல்லாமலேயே ஷட்டர் விழும், படம் எங்கும் பதிவாகாது. ஜிஆர் 3-ல் 2 ஜிபி உள் நினைவகம் இருப்பதால் கார்டை மறந்த நாளிலும் சில பத்துப் படங்களுக்கு இடம் கிடைக்கும்.

பீப் ஒலி, ஃபோகஸ் உதவி விளக்கு இரண்டையும் அணைத்துவிடுங்கள். எடுத்த படத்தைத் தானாகக் காட்டும் ‘ஆட்டோ ரிவ்யூ’வையும் அணைக்கலாம். அது காட்டும் இரண்டு நொடியில் அடுத்த படம் கைநழுவிப் போகும். மின்சேமிப்பை ஒரு நிமிடத்தில் வையுங்கள். சோனியில் ‘ப்ரீ-ஏஎஃப்’ ஆன் ஆகியிருந்தால், ஷட்டரைத் தொடாதபோதும் லென்ஸ் ஓயாமல் ஃபோகஸ் தேடிக்கொண்டிருக்கும், பேட்டரிதான் கரையும். உரிமையாளர் பெயர் எழுதும் காப்பிரைட் வரி இருந்தால் பெயரை மட்டும் போடுங்கள், தொலைபேசி எண் வேண்டாம். நீங்கள் பகிரும் ஒவ்வொரு படத்தோடும் அது கூடவே போகும்.

கோப்பு வகை: ‘ரா’வும் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) ஜேபெக்கும் சேர்த்து. கணினியில் உட்கார்ந்து திருத்தும் பழக்கமே உங்களுக்கு இல்லை, இனியும் வராது என்றால் ஜேபெக் மட்டும் போதும். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. ‘ரா’வால் வரும் ஒரு தொல்லையைக் கடைசியில் சொல்கிறோம்.

முதல் வாரம்: மெனுவைத் தொடாமல் குறிப்பு எடுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் கட்டம் இது. யூடியூபில் ஒருவர் ‘என் செட்டிங்ஸ்’ என்று காட்டுவார்; அதை அப்படியே நகலெடுப்போம். அவர் எடுப்பது பனிமலையும் காப்பிக் கடையும். நீங்கள் எடுப்பது ரங்கநாதன் தெருவும் அக்கா மகளின் பிறந்தநாளும். அவர் பட்டனில் வைத்ததை நீங்கள் தொடவே மாட்டீர்கள்.

ஒரு வாரம் பட்டன்களை எல்லாம் நிறுவனம் வைத்தபடியே விட்டுப் படம் எடுங்கள். டயலை ‘ஏ’ (அபர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையின் அளவை, நாம் வைப்பது) அல்லது ‘பி’ (அபர்ச்சரையும் ஷட்டரையும் கேமராவே வைப்பது) முறையில் வையுங்கள். முழு ஆட்டோவில் வைத்தால் எதையும் மாற்ற முடியாது, எது தேவை என்றும் தெரியாது. எப்போதெல்லாம் மெனுவுக்குள் நுழைகிறீர்களோ அப்போதெல்லாம் மொபைலில் ஒரு சொல் தட்டிவையுங்கள்: ‘ஐஎஸ்ஓ’, ‘முகம் இருட்டு’, ‘ஃபோகஸ் பின்னால் போச்சு’, ‘சத்தம்’. வாரக் கடைசியில் அந்தப் பட்டியலைப் பார்த்தால், ஐந்தாறு சொற்களே திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

அவற்றை ‘இது எவ்வளவு அடிக்கடி மாறுகிறது?’ என்ற ஒரே கேள்வியால் பிரியுங்கள். படத்துக்குப் படம் மாறுவது பட்டனுக்கும் வளையத்துக்கும் போக வேண்டும். இடத்துக்கு இடம் மாறுவது எஃப்என் அல்லது க்யூ மெனுவுக்கு (ஒரே பட்டனில் திறக்கும் குறும்பட்டியல்). என்றாவது ஒரு நாள் மாறுவது மை மெனுவுக்கு (நாமே வரிகளைப் பொறுக்கிச் சேர்க்கும் தாவல்). மீதி எல்லாம் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். இந்த வரிசை தெளிவாகிவிட்டால் எந்த நிறுவனத்தின் கேமராவாக இருந்தாலும் அரை மணி நேரத்தில் அமைத்துவிடலாம்.

பட்டன்களும் வளையமும்

காம்பாக்டில் பட்டன்கள் குறைவு, கட்டைவிரலுக்கு இடமும் குறைவு. அதனால் முதல் இடத்தை எக்ஸ்போஷர் காம்பன்சேஷனுக்குத்தான் (கேமரா கணித்த வெளிச்சத்தை நாமே ஏற்றி இறக்குவது) தர வேண்டும். ஜிஆரில் பின்பக்கத்து ஏடிஜே நெம்புகோல், எக்ஸ்100-ல் மேல்தட்டு டயல், ஜி7எக்ஸ் 3-ல் மோடு டயலைச் சுற்றிய டயல் என்று பலவற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. ஆர்எக்ஸ்100-ல் அப்படித் தனி டயல் இல்லை. கண்ட்ரோல் வளையத்துக்கோ பின் சக்கரத்தின் ஒரு திசைக்கோ அதைக் கொடுங்கள்.

ஏன் இது முதலில்? கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். மார்கழிக் காலையில் மயிலாப்பூரில் தண்ணீர் தெளித்த கறுத்த வாசலில் கோலம் போட்டிருப்பார்கள். படச்சட்டத்தில் பெரும்பகுதி இருண்ட தரை. கேமரா அதை வெளுக்க வைக்கும், மாவுக்கோடு வெந்து ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். மைனஸ் 0.7 முதல் மைனஸ் 1 வரை இறக்கினால் இழை இழையாகத் தெரியும். இதற்கு நேரெதிர், நண்பகலில் வெள்ளை வேட்டி சட்டையோடு நிற்கும் கருத்த முகம். வெள்ளை சட்டத்தை நிறைத்தால் கேமரா மொத்தத்தையும் இருட்டாக்கும். முகத்துக்காகப் பிளஸ் 0.7 ஏற்ற வேண்டும். ஆனால் வேட்டியின் மடிப்புகள் வெந்துபோகாத அளவுக்குத்தான். ஒரே தெருவில் இருபது அடி நகர்ந்தால் இரண்டும் வரும். இதற்கு மெனுவுக்குள் போக நேரமில்லை.

இரண்டாவது இடம் ஃபோகஸுக்கு. ஃபோகஸ் புள்ளியை நகர்த்துவதா, முகம் பிடிப்பதை ஆன் ஆஃப் செய்வதா என்பது உங்கள் வாரக் குறிப்பைப் பொறுத்தது. கூட்டத்தில் எடுப்பவர்களுக்கு முகம் பிடிக்கும் வசதியை அணைக்க ஒரு பட்டன் அவசியம். திருவிழாக் கூட்டத்தில் கேமரா யாரோ ஒருவரின் முகத்தைப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் குறிவைத்த பூக்காரம்மா மங்கலாகிவிடுவார்.

ஷட்டரிலிருந்து ஃபோகஸைப் பிரித்துப் பின் பட்டனுக்குத் தரும் பழக்கம் பெரிய கேமராக்காரர்களிடம் உண்டு. காம்பாக்டில் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கேமராவைப் பிடித்திருப்பதே அந்தக் கட்டைவிரல்தான். அதைப் பட்டனுக்கு எடுத்தால் பிடி தளர்ந்து படம் ஆடும்.

சோனியில் ‘ஜூம் ஃபங்ஷன் ஆன் ரிங்’ என்பதை ‘ஸ்டெப்’ ஆக்குவது நல்ல பழக்கம். வளையத்தைச் சுற்றினால் 24, 28, 35, 50 மி.மீ. என்று பழகிய குவியத்தூரங்களில் நின்று நின்று போகும். ‘இங்கிருந்து 50-ல் எவ்வளவு அடங்கும்’ என்பது சில நாளில் கண்ணுக்கே பழகிவிடும். ஆனால் வளையத்தை ஜூமுக்குக் கொடுத்தால் காம்பன்சேஷனைச் சக்கரத்துக்குத்தான் நகர்த்த வேண்டும்.

சிவப்பு வீடியோ பட்டன் தவறி அழுந்துவது எல்லோருக்கும் நடக்கும். சோனியில் ‘மூவி பட்டன்’ என்பதை ‘மூவி மோடு ஒன்லி’ என்று வைத்தால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

கேமரா வாரியாக: எங்கே அழுத்துவது

*சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7.* மெனு, இரண்டாவது கேமரா செட்டிங்ஸ் தாவல், அதில் ‘கஸ்டம் கீ’. படத்துக்கு, வீடியோவுக்கு, பிளேபேக்குக்கு என மூன்று தனித்தனி வரிகள் இருக்கும். படத்துக்கானதைத் திறந்து பட்டனைத் தேர்ந்து, வேண்டிய செயலைக் கொடுங்கள். வீடியோவுக்குத் தனியாகக் கொடுக்க மறந்துவிட்டு, ‘பட்டன் வேலை செய்யவில்லை’ என்று குழம்புபவர்கள் அதிகம்.

அதே பகுதியில் ‘ஃபங்ஷன் மெனு செட்’. எஃப்என் பட்டனை அழுத்தினால் வரும் 12 கட்டங்களை, ஆறு ஆறாக இரண்டு வரிசை, இங்கே மாற்றலாம். பன்னிரண்டையும் நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ‘நாட் செட்’ என்று காலியாக விடலாம். மேல் வரிசையில் ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்வது), மீட்டரிங் (ஒளியை அளக்கும் முறை), ஷட்டர் வகை, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோவின் குறைந்தபட்ச ஷட்டர். கீழே ஃபோகஸ் பகுதி, டிரைவ் (ஒற்றைப் படமா, தொடர் படமா என்பது), முகம் பிடித்தல், படத்தின் வண்ண பாணி. இந்த எட்டே தாராளம்.

கடைசியில் நட்சத்திரம் போட்ட தாவல்தான் மை மெனு. ‘ஆட் ஐட்டம்’ வழியே 30 வரிகள் வரை சேர்க்கலாம். ‘ஃபார்மேட்’ முதல் வரி. பிறகு திரை வெளிச்சம், ஏர்பிளேன் மோடு, மெமரி பதிவு. ‘டிஸ்ப்ளே ஃப்ரம் மை மெனு’வை ஆன் செய்தால் மெனு பட்டனை அழுத்தியதும் நேராக இங்கேதான் வந்து நிற்கும். மை மெனுவை வீட்டு அஞ்சறைப்பெட்டி போல வையுங்கள்: தேவைப்படும் சில சாமான் மட்டும். முப்பது வரிகளையும் நிரப்பினால் பழைய மெனுவே திரும்பி வந்துவிடும்.

*ஃபூஜிஃபிலிம் எக்ஸ்100-6.* படம் எடுக்கும் நிலையில் டிஸ்ப்-பேக் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், எல்லா எஃப்என் பட்டன்களின் பட்டியலும் நேராகத் திறக்கும். மெனுவுக்குள் அலைய வேண்டாம். அதேபோல க்யூ பட்டனை அழுத்திப் பிடித்தால் க்யூ மெனுவைத் திருத்தும் திரை வரும். 16 கட்டங்களை 12, 8, 4 என்று குறைக்கலாம். 8 போதும், 16-ல் கண் தேடிக்கொண்டே இருக்கும். மை மெனுவில் 16 வரிகள் வரை கொள்ளும். அது செட்டப்பில் ‘யூசர் செட்டிங்’குக்குள் இருக்கிறது.

இந்தக் கேமராவில் நாலு திசைப் பட்டன்கள் கிடையாது. அதற்குப் பதில் திரையை நாலு பக்கமும் தடவினால் நாலு செயல்களைக் கூப்பிடும் டி-எஃப்என் வசதி. சென்னையில் இதை அணைத்து வைப்பது நல்லது. காரணம் பின்னால் வருகிறது. உள்ளேயே இருக்கும் 4 ஸ்டாப் என்டி ஃபில்டருக்கு (வெளிச்சத்தைக் குறைக்கும் வடிகட்டி) மட்டும் கட்டாயம் ஒரு பட்டன் கொடுங்கள். நடு வெயிலில் எஃப்2-வில் எடுக்க அதுதான் வழி.

*கேனன் ஜி7எக்ஸ் மார்க் 3.* நட்சத்திரத் தாவலுக்குப் போய் ‘ஆட் மை மெனு டேப்’, பிறகு ‘கான்ஃபிகர்’, அதில் ‘செலக்ட் ஐட்டம்ஸ் டு ரெஜிஸ்டர்’. ஒரு தாவலில் 6 வரிகள், மொத்தம் 5 தாவல்கள் வரை. தாவலுக்குப் பெயரும் வைக்கலாம். முப்பது வரிகளை வாரிப் போடாமல், ஒரு தாவல் படத்துக்கு, ஒரு தாவல் வீடியோவுக்கு என்று இரண்டோடு நிறுத்துங்கள். பிறகு ‘மெனு டிஸ்ப்ளே’யில் ‘டிஸ்ப்ளே ஃப்ரம் மை மெனு டேப்’. ‘ஒன்லி மை மெனு டேப்’ என்றும் ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தால் மற்ற தாவல்கள் மறைந்துவிடும், ‘மெனுவே காணோம்’ என்று பதறுவீர்கள்.

*ரிக்கோ ஜிஆர் 3.* ஏடிஜே நெம்புகோலை அழுத்தினால் வரும் பட்டியலில் 5 இடங்கள்; ‘கஸ்டமைஸ் கண்ட்ரோல்ஸ்’ பகுதியில் ‘ஏடிஜே மோடு செட்டிங்’ வழியே மாற்றலாம். ஃபோகஸ் முறை, இமேஜ் கண்ட்ரோல், மீட்டரிங், என்டி ஃபில்டர் நான்கோடு, ஐந்தாவதாக ‘அவுட்டோர் வியூ செட்டிங்’. வ்யூஃபைண்டர் இல்லாத இந்தக் கேமராவில், உச்சி வெயிலில் திரை கறுத்துத் தெரியும்போது கைகொடுப்பது அதுதான்.

சூழலை மொத்தமாகச் சேமிப்பது

பட்டனும் மெனுவும் தனித்தனி அமைப்புகளை மாற்றும். ஒரு சூழலுக்கான மொத்த அமைப்பையும் ஒரே அசைவில் கூப்பிட, டயலில் தனி நிலைகள் உண்டு: ஜிஆரில் யு1, யு2, யு3, சோனியில் எம்ஆர், கேனனில் சி. ஃபூஜியில் சி1 முதல் சி7 வரை மெனுவில் இருக்கும். ஆனால் ஷட்டர் டயலும் அபர்ச்சர் வளையமும் கையால் திருப்புபவை என்பதால் அவற்றைச் சி-நிலை மாற்ற முடியாது. அங்கே சேமிக்க வேண்டியது வண்ணம், நிழல் போன்றவற்றை மட்டுமே.

சேமிக்கும் முறை எல்லாவற்றிலும் ஒன்றே: வேண்டியபடி எல்லாவற்றையும் முதலில் அமைத்துவிட்டு, பிறகு ‘ரெஜிஸ்டர்’ அல்லது ‘சேவ் செட்டிங்ஸ்’. கீழே மூன்று மாதிரிகள். இவை தொடங்குமிடம் மட்டுமே.

*தெரு.* சௌகார்பேட்டை மின்ட் தெரு, பாண்டி பஜார், கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில். எதிரே வருபவர் இரண்டு நொடியில் கடந்துவிடுவார். ஃபோகஸ் தேட நேரமில்லை. ஜிஆரில் ‘ஸ்னாப் ஃபோகஸ்’ 2.5 மீட்டர், அபர்ச்சர் எஃப்8. இந்த இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 1.2 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் ஏற்கத்தக்க அளவு தெளிவாக இருக்கும். எஃப்5.6-க்கு இறங்கினால் அந்த வரம்பு சுமார் 1.4 முதல் 12 மீட்டராகச் சுருங்கும். மாலை வெளிச்சம் குறையும்போது அதுவே போதும். ஐஎஸ்ஓ ஆட்டோ, உச்சம் 6400. குறைந்தபட்ச ஷட்டர் 1/250. நடப்பவர் 1/125-ல் கால் மங்கலாக வருவார். ‘ஃபுல் பிரஸ் ஸ்னாப்’பையும் ஆன் செய்யுங்கள். ஆட்டோஃபோகஸில் இருந்தாலும் ஷட்டரை ஒரே அழுத்தாக அழுத்தினால் ஃபோகஸ் தேடாமல் அந்த 2.5 மீட்டருக்கே எடுத்துவிடும்.

ஆர்எக்ஸ்100 போன்ற ஒரு அங்குல சென்சாரில் எஃப்8 வேண்டாம். சிறிய சென்சாரில் அபர்ச்சரை அவ்வளவு சுருக்கினால் ஒளி சிதறிப் படம் மெத்தென்றாகும். எஃப்4 முதல் எஃப்5.6 வரை அதே ஆழம் கிடைக்கும். எம்ஆர் நிலையில் சோனி ஜூம் அளவையும் சேர்த்துச் சேமிக்கும். 35-ல் வைத்துப் பதிந்தால் டயலைத் திருப்பியதும் லென்ஸ் 35-க்கே வந்து நிற்கும்.

*அரங்கம்.* டிசம்பர் சீசனில் சபாவுக்குள் படம் எடுக்க அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் கிடையாது. கிடைத்தால் ஃபிளாஷ் ஆஃப், பீப் ஆஃப், உதவி விளக்கு ஆஃப், திரை வெளிச்சம் மிகக் குறைவு. பின்வரிசை ரசிகருக்கு உங்கள் திரை கண்ணைக் குத்தும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் கெல்வினில் 3200 முதல் 4000-க்குள் ஒன்றை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பட்டுப்புடவையின் நிறம் படத்துக்குப் படம் மாறும்.

ஷட்டர் இங்கே சிக்கல். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். அதற்குள் விளக்கு துடித்தால் கறுப்புப் பட்டைகள் விழும். 1/100 அல்லது 1/50-ல் வைத்தால் 50 ஹெர்ட்ஸ் விளக்குகளுக்குச் சரியாகிவிடும். பாடகருக்கு 1/100 போதும், மிருதங்கக்காரரின் விரல்கள் மட்டும் கரையும், அது அழகுதான். ஆனால் சில மேடை எல்இடி விளக்குகள் மின்சாரத்தின் வேகத்தில் துடிப்பதில்லை, அவற்றுக்கு மின்சாரம் தரும் டிரைவர் சுற்று வேறு வேகத்தில் துடிக்க வைக்கும். 1/100-லும் பட்டை விழுந்தால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். காம்பாக்டுகளில் அது லென்ஸுக்குள்ளேயே இருக்கும் இலை ஷட்டர், சத்தம் மிக மெல்லியது. அதனால் ‘ஷட்டர் வகை’ எஃப்என் மெனுவில் இருந்தே ஆக வேண்டும்.

*கடற்கரை விடியல்.* மெரினாவில் சூரியன் கடலிலிருந்து எழுவது பருவத்தைப் பொறுத்து ஏறத்தாழ 5.40-க்கும் 6.40-க்கும் இடையே. ஒயிட் பேலன்ஸ் ‘டேலைட்’டில் நிலையாக. ஆட்டோவில் விட்டால் கேமரா அந்தச் செம்மஞ்சளைக் குறையென்று நினைத்துத் துடைத்துவிடும். மீட்டரிங்கில் ‘ஹைலைட்’ வகை இருந்தால் அது. இல்லையென்றால் மைனஸ் 1. ஐஎஸ்ஓவைக் கேமராவின் கீழ்மட்டத்தில் நிறுத்தி, உதிப்பதற்கு முன் மட்டும் ஆட்டோ.

எது கெடும், ஏன் கெடும்

*வரி சாம்பலாகி, தொட முடியவில்லை.* அதிகம் கேட்கப்படும் புகார் இது. கேமரா கெட்டுப்போகவில்லை, வேறொரு அமைப்பு அதைத் தடுக்கிறது. டயல் முழு ஆட்டோவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே பாதி மெனு பூட்டப்பட்டிருக்கும். அடுத்து கோப்பு வகை. முன்பு சொன்ன ‘ரா’ தொல்லை இதுதான்: ‘ரா’ சேர்ந்திருந்தால் சோனியில் ‘பிக்சர் எஃபெக்ட்’ போன்ற ஜேபெக் வித்தைகள் பூட்டிக்கொள்ளும். மூன்றாவதாக டிரைவ் முறை, ஷட்டர் வகை. சோனியில் ஐஎஸ்ஓ ஆட்டோவின் குறைந்தபட்ச ஷட்டர் பி, ஏ முறைகளில் மட்டுமே வேலை செய்யும்; எஸ், எம் முறைகளில் ஷட்டரை நீங்களே வைக்கிறீர்கள் என்பதால் அதற்கு அங்கே வேலை இல்லை.

*சேமித்த நிலை நேற்று போல இல்லை.* இரண்டு விதமாக நடக்கும். ஜிஆரிலும் சோனியிலும் சேமித்த நிலையில் இருந்துகொண்டு ஏதாவது மாற்றினால் அது தற்காலிகம்; டயலைத் திருப்பிவிட்டு வந்தால் பழையபடி ஆகிவிடும். நிலைக்க வேண்டுமென்றால் மறுபடி பதிய வேண்டும். ஃபூஜியில் ‘ஆட்டோ அப்டேட் கஸ்டம் செட்டிங்’ எனேபிள் ஆகியிருந்தால் இதற்கு நேரெதிர்: ஒரு படத்துக்காக விளையாட்டாகச் செய்த மாற்றமும் சி1-க்குள் எழுதப்பட்டுவிடும். நிலைகள் உங்களுக்குப் பிடித்தபடி அமைந்ததும் அதை டிசேபிள் செய்யுங்கள்.

*கார்டை ஃபார்மேட் செய்ததும் நிலை காணாமல் போனது.* சோனியில் 1, 2, 3 கேமராவுக்குள் பதியும். எம்1 முதல் எம்4 வரை கார்டில் பதியும். கார்டை ஃபார்மேட் செய்தால் அந்த நான்கும் படங்களோடு சேர்ந்து அழியும். முக்கியமானவற்றை 1, 2, 3-லேயே வையுங்கள்.

*தொடுதிரை தன் இஷ்டத்துக்கு வேலை செய்கிறது.* வியர்வைதான் காரணம். ஈரவிரல் பட்டாலும், சட்டைப்பை ஈரம் பட்டாலும், வ்யூஃபைண்டரில் கண் வைக்கும்போது மூக்கு பட்டாலும் ஃபோகஸ் புள்ளி ஏதோ மூலைக்குப் போய்விடும். மே மாத மதியத்தில் இது உறுதி. தொடுதிரையை அடியோடு அணையுங்கள், அல்லது ‘தொட்டால் ஃபோகஸ்’ மட்டும் வைத்து ‘தொட்டால் ஷட்டர்’, தடவும் செயல்கள் இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஆன் ஆஃப் செய்யும் வரியை மை மெனுவில் போடுங்கள்.

*வெளியில் பிரமாதமாகத் தெரிந்த படம் வீட்டில் இருட்டாக இருக்கிறது.* சோனியில் திரை வெளிச்சத்தை ‘சன்னி வெதர்’ என்று வைத்திருப்பீர்கள். திரைதான் பளிச்சென்றிருந்தது, படம் இல்லை. வெயிலில் திரையை நம்பாதீர்கள்; டிஸ்ப் பட்டனைத் தட்டி ஹிஸ்டோகிராமைப் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பாருங்கள். நிழலுக்கு வந்ததும் வெளிச்சத்தை இறக்குங்கள், பேட்டரியும் மிஞ்சும்.

*எல்லாப் படமும் பனி படர்ந்தது போல.* இதை எந்த மெனுவும் சரிசெய்யாது. ஏசி அறையிலோ காரிலோ குளிர்ந்த லென்ஸில் வெளிக்காற்றின் ஈரம் படிந்திருக்கிறது. துடைத்தால் மறுபடி படியும். கேமராவை ஜிப் வைத்த பையில் போட்டு மூடியபடி வெளியே எடுத்து வந்து, பதினைந்து இருபது நிமிடம் கழித்துத் திறங்கள்.

பழக்கமும் பாதுகாப்பும்

அமைத்து முடித்ததும், மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு காம்பன்சேஷனை இரண்டு படி இறக்குங்கள், ஃபோகஸ் முறையை மாற்றுங்கள், தெரு நிலைக்குப் போய்த் திரும்பி வாருங்கள். திரையைப் பார்க்காமல் முடிந்தால் அந்தப் பட்டன் சரியான இடத்தில் இருக்கிறது. ஒரு மாதம் ஆகியும் விரல் தவறான பட்டனுக்கே போகிறது என்றால் விரலைத் திருத்தாதீர்கள். அந்தச் செயலை அந்தப் பட்டனுக்கு மாற்றுங்கள். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருந்தால் எதுவும் கையில் பதியாது.

ஃபர்ம்வேரை (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பிப்பதற்கு முன்பும், சர்வீஸுக்குக் கொடுப்பதற்கு முன்பும் உங்கள் அமைப்புகளின் ஒவ்வொரு திரையையும் மொபைலில் படமெடுத்து ஓர் ஆல்பத்தில் போட்டுவையுங்கள்: கஸ்டம் கீ, எஃப்என் மெனு, மை மெனு, மூன்று நிலைகள். புதுப்பிப்பிலும் சர்வீஸிலும் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடலாம். ஃபூஜிக்காரர்கள் எக்ஸ்ஆப் வழியே மொபைலில் காப்பு எடுத்துத் திரும்ப ஏற்றலாம். நீங்களே ரீசெட் செய்யும்போதும் கவனம்: சோனியில் ‘கேமரா செட்டிங்ஸ் ரீசெட்’ படமெடுக்கும் முக்கிய அமைப்புகளை மட்டும் திருப்பும், ‘இனிஷியலைஸ்’ எல்லாவற்றையும் திருப்பிவிடும்.

இன்னொன்று பாக்கி. குடும்பத்தோடு கடற்கரையில் நிற்கும்போது பக்கத்தில் போகும் தம்பியிடம் ‘ஒரு ஃபோட்டோ எடுத்துக் கொடுப்பா’ என்று கேமராவை நீட்டுவதாக இருந்தால், முதலில் டயலை முழு ஆட்டோவுக்குத் திருப்புங்கள் (அது இல்லாத ஜிஆரில் ‘பி’-க்கு). 2.5 மீட்டர் ஸ்னாப் ஃபோகஸும் மைனஸ் 1-ம் அவருக்குத் தெரியாது. நீங்கள் எல்லோரும் இருட்டில் நிற்பீர்கள்.